வாசகர் கேள்வி–பதில்: காரில் இழுத்துச் செல்லும் சிறு பாய்மரப் படகுகள்

காருக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துச் சென்று, சாய்தளத்தில் இறக்கி, பகல்நேர ஓட்டத்துக்கும் கரையோரப் பயணத்துக்கும் பயன்படுத்தக்கூடிய சிறு பாய்மரப் படகுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம். ஒன்றையே பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நண்பர்களின் படகுகளில் சில ஆண்டுகளாகப் பாய் பிடித்துப் பழகியிருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க விரும்புகிறேன். பெரும்பாலும் பகல் ஓட்டம்தான். எப்போதாவது கரையோரமாக இரண்டு, மூன்று நாள் பயணம். அதிகம் செலவழிக்க இயலாது. எத்தனை அடிப் படகு பொருத்தமாக இருக்கும்?

பதில்: நீளத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், விற்பவர்களும் அதையே முதலில் சொல்கிறார்கள். ஆனால் இவ்வகைப் படகில் உங்கள் செலவையும், நீங்கள் எத்தனை முறை கடலுக்குப் போவீர்கள் என்பதையும் தீர்மானிப்பவை வேறு இரண்டு: சாலையில் இழுபடும் மொத்த எடை ஒன்று, வண்டியை நிறுத்தியதிலிருந்து பாய் ஏற்றும் வரை ஆகும் நேரம் மற்றொன்று. ஒரே வடிவமுடைய இரு படகுகளில் ஒன்றின் நீளம் கால் பங்கு கூடினால் அதன் எடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும், ஏனெனில் நீளத்தோடு அகலமும் ஆழமும் சேர்ந்தே வளர்கின்றன.

வெஸ்ட் வைட் பாட்டர் 15 என்ற சிறு அறை கொண்ட படகின் எடை 215 கிலோ அளவில்தான் இருக்கும். இருவர் சேர்ந்து அதைத் தள்ளி நீரில் இறக்கிவிடலாம். அதே வரிசையில் வந்த 19 அடிப் படகு 550 கிலோவைத் தொடுகிறது. ரோஜர் டோங்ரே வடிவமைத்து 1979-இல் வெளிவந்த கார்னிஷ் ஷ்ரிம்பரும் 19 அடிதான், ஆனால் அதன் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். ஃபிராங்க் பட்லரின் வடிவமைப்பில் 1969-இல் தொடங்கி 15,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்ட கேட்டலினா 22-உம் ஏறக்குறைய அதே எடைதான். இந்த ஆயிரம் கிலோவுடன் டிரெய்லர், மோட்டார், எரிபொருள், நங்கூரம், குடிநீர், படுக்கை என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது காரின் பின்னால் இழுபடுவது 1,500 கிலோவை எட்டிவிடும். அந்த எடையை இழுக்கும் கார் உங்களிடம் இல்லையென்றால், மலிவாகக் கிடைத்த படகுக்காக விலை உயர்ந்த கார் வாங்க வேண்டியதாகிவிடும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். 15 முதல் 17 அடி வரையான படகைப் பழகியவர் அரை மணி நேரத்துக்குள் நீரில் மிதக்க வைத்துவிடுவார். 22 அடிப் படகுக்கு, அதிலும் தனியாளாக இருந்தால், ஒரு மணி நேரமாவது வேண்டும். திரும்பி வந்தபின் களைத்த உடலோடு அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டும். பகல் ஓட்டமே முதன்மை என்று நீங்கள் எழுதியிருப்பதால், 15 முதல் 19 அடிக்குள், இழுபடும் மொத்த எடை 900 கிலோவுக்கு மேற்படாத படகைத் தேடுங்கள் என்பதே என் கருத்து. பாய்மரத்தை நட்ட நிலையிலேயே நீரோரத்தில் படகை விட்டுவைக்க இடம் கிடைத்தால் மட்டும் 22 அடியை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அந்த இடத்துக்கான வாடகையை மிச்சப்படுத்தத்தானே டிரெய்லர் படகை நாடுகிறோம்?

அறையே வேண்டாம் என்று நினைக்கக்கூடியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இயன் புராக்டர் 1957-இல் வடிவமைத்த வேஃபேரர் ஏறத்தாழ 16 அடி நீளமும் 169 கிலோ எடையும் கொண்ட திறந்த படகு. இரவில் பாயின் அடிக்கழிமேல் கூடாரத் துணியைப் போட்டு, தரைப் பலகைமேல் இருவர் படுத்துக்கொள்ளலாம். 15 அடிப் படகின் அறைக்குள் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாமல் முடங்கிக் கிடப்பதைவிட இது பலருக்கு வசதியாகவே இருக்கிறது.

கேள்வி: நிலையான கீல், மடங்கும் கீல், நடுப்பலகை, நீர் அடிப்பாரம் என்று நான்கு விதமாகச் சொல்கிறார்கள். டிரெய்லரில் ஏற்றுவதற்கு எது நல்லது?

பதில்: கீல் என்பது படகின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கும் எடையுள்ள பகுதி; நடுப்பலகை, வேண்டும்போது இறக்கி ஏற்றும் பலகை; நீர் அடிப்பாரம், அடித்தொட்டியில் நிரப்பும் நீரையே பாரமாக்குவது. இவை செய்யும் வேலை இரண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு வழுக்கிப் போகாமல் நீரைப் பற்றிக்கொள்வது ஒன்று. சாய்ந்த படகை நிமிர்த்துவது மற்றொன்று. எடையற்ற நடுப்பலகை முதல் வேலையை மட்டும் செய்யும். நிமிர்த்துவதற்குத் தாழ்வான இடத்தில் எடை வேண்டும், அல்லது படகில் இருப்பவர்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும்.

காம்பாக் 16 போன்ற படகுகளில் 45 சென்டிமீட்டர் அளவே நீரில் இறங்கும் குட்டையான நிலைக் கீல் இருக்கும். (அதை வடிவமைத்த கிளார்க் மில்ஸ்தான் உலகெங்கும் சிறுவர்கள் பாய் ஓட்டக் கற்கும் ஆப்டிமிஸ்ட் படகையும் 1947-இல் உருவாக்கியவர்.) அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் பழுது வராது, ஆனால் காற்றுக்கு எதிராக ஏறிச் செல்வதில் இது பின்தங்கும், டிரெய்லர்மேல் உயரமாக உட்காருவதால் சாய்தளத்தில் வெகுதூரம் இறக்கினால்தான் மிதக்கும்.

மடங்கும் கீல் வேறு வகை. கேட்டலினா 22-இல் ஏறத்தாழ 250 கிலோ வார்ப்பிரும்பு ஒற்றை அச்சாணியில் தொங்குகிறது; அதை ஒரு கம்பிவடமும் அந்த வடத்தைச் சுருட்டும் கை வின்ச்சும் தூக்கி இறக்குகின்றன. மேலே தூக்கியிருக்கும்போது 60 சென்டிமீட்டர், இறக்கினால் ஒன்றரை மீட்டர் என்பதால் ஆழமற்ற நீரிலும் நுழையலாம், காற்றுக்கு எதிராகவும் நன்றாக ஏறலாம். ஓட்டத்தின்போது அந்தக் கம்பிவடம் நீரில் அதிர்ந்து ‘ம்ம்ம்’ என்று முனகும், அது பழுதல்ல. பழுது தெரிவது நங்கூரத்தில் நிற்கும்போதுதான். படகு இருபக்கமும் ஆடுகையில் அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று தட்டும் ஓசை வந்தால், அச்சாணியோ அது புகும் துளையோ தேய்ந்துவிட்டது என்று பொருள். கம்பிவடத்தை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அது அறுந்தால் 250 கிலோ இரும்பு கட்டற்று விழுந்து படகின் உடலை உடைத்துவிடக்கூடும்.

நீர் அடிப்பாரத்தை மெக்ரெகர் 26 வரிசை பரவலாக்கியது. சாலையில் தொட்டி காலி. படகு மிதந்ததும் அடைப்பைத் திறந்து நீரை நிரப்புகிறோம், 26 எக்ஸ் வகையில் அது 600 கிலோவுக்கும் மேல். கேட்கும்போது மாயம்போல இருந்தாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. நீருக்குள் இருக்கும் நீருக்குத் தனி எடை இல்லை. படகு சாய்ந்து தொட்டியின் ஒரு பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே வரும்போதுதான் அது கீழ்நோக்கி இழுக்கத் தொடங்கும். அதனால் முதலில் சட்டென்று சாய்ந்து, பிறகு ஓரிடத்தில் உறுதியாக நின்றுகொள்ளும். தொட்டி முழுமையாக நிரம்பியிருப்பதும் இன்றியமையாதது. பாதி நிரம்பிய தொட்டியில் நீர் தாழ்ந்த பக்கமாக ஓடிச் சேர்ந்து, படகை நிமிர்த்துவதற்குப் பதிலாக மேலும் கவிழ்க்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு காலித் தொட்டியோடு மோட்டாரில் விரைவது அதைவிட ஆபத்தானது.

என் தேர்வைக் கேட்டால், ஈயமோ இரும்போ பதித்த குட்டைக் கீலும், அதற்குள்ளிருந்து இறங்கும் எடை குறைந்த நடுப்பலகையும் சேர்ந்த அமைப்பைச் சொல்வேன். லைல் ஹெஸ் வடிவமைத்த மாண்ட்காமரி 17 அப்படிப்பட்டது. பலகை மணலில் சிக்கி ஏறாமல் போனாலும் படகின் நிலைப்பாடு அதை நம்பி இல்லை.

கேள்வி: முப்பது, நாற்பது ஆண்டு பழைய படகுகள் மிகக் குறைந்த விலைக்கு வருகின்றன. துணிந்து வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வாங்கலாம். கண்ணாடி இழையால் ஆன படகின் உடல் எளிதில் சாகாது, சுற்றியுள்ளவைதான் சாகின்றன. பளபளப்பைப் பார்க்காமல் மேல்தளத்தைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான படகுகளில் மேல்தளம் இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துக் கட்டப்பட்டது. திருகாணி இறங்கிய இடங்களில் அடைப்புப் பசை காய்ந்துவிட்டால் மழைநீர் உள்ளே புகுந்து மரத்தை மெல்ல உளுக்கச் செய்யும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள்: நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், உளுத்த இடத்தில் ‘தொப்’ என்று மங்கும். பாய்மரத்தின் அடிப்பகுதியைச் சுற்றியும், பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் தாங்கு கம்பிகளைப் பிடிக்கும் உலோகப் பட்டைகளைச் சுற்றியும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். காலால் மிதிக்கையில் தளம் மெத்தென்று அமிழ்ந்தால் மேற்கொண்டு பேரம் பேச வேண்டியதில்லை.

தாங்கு கம்பிகளின் முனைகளில் துருக்கறையோ, ஓர் இழை மட்டும் பிரிந்து நிற்பதோ தெரிந்தால் கம்பிகள் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், உப்புநீர் தேங்கிக் காற்றுப் புகாத இடுக்கில் அது உள்ளுக்குள்ளேயே அரிபடும். பாய்களைச் சூரிய ஒளியில் விரித்து, தையல் நூலை நகத்தால் கீறிப் பாருங்கள். துணிக்கு முன்னே வெயிலில் நூல்தான் இற்றுப்போகும். அறைக் கதவைத் திறந்தவுடன் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தால் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

படகைவிட டிரெய்லரை நீண்ட நேரம் பாருங்கள் என்பேன். சட்டகத்தின் உட்புறம் துருப்பிடித்து, டயர்கள் வெடித்து, விளக்குகள் எரியாத டிரெய்லரோடு வரும் ‘இலவசப் படகு’, நல்ல டிரெய்லரோடு விலைக்கு வரும் படகைவிடப் பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கும். புதிய பாய்களும் புதிய டிரெய்லரும் சேர்ந்தால் அந்தப் பழைய படகின் விலையைப் போலப் பல மடங்காகிவிடும்.

கேள்வி: கடலில் இரண்டு பருவம் இறக்கிய பின், திரும்பும் வழியில் டிரெய்லரின் சக்கரப் பேரிங் பொடிந்துவிட்டது. கிரீஸ் போட்டுத்தான் வைத்திருந்தேன். காரணம் என்ன?

பதில்: நெடுந்தூரம் ஓடிவந்த சக்கரத்தின் ஹப் (பேரிங் இருக்கும் நடுப்பகுதி) சூடாக இருக்கும், உள்ளே உள்ள காற்று விரிந்திருக்கும். வந்ததும் வராததுமாக அதைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் காற்று சட்டென்று சுருங்கி, பின்புறச் சீல் வழியாக உப்புநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதன் பிறகு டிரெய்லர் வாரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கையில் துரு தன் வேலையைச் செய்யும். ஆகவே, சாய்தளத்துக்கு வந்தவுடன் இறக்காமல், பாய்மரம் நடும் வேலையை முதலில் முடித்து, அதற்குள் ஹப்பை ஆறவிடுங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால் இறக்குங்கள். படகுகளுக்கான நீர் எதிர்க்கும் கிரீஸையே பயன்படுத்துங்கள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிரித்துப் பார்த்துச் சீலை மாற்றுங்கள், கடலிலிருந்து எடுத்ததும் நன்னீரால் கழுவுங்கள். டிரெய்லர் சாலையில் வாலாட்டினால் அது வேறு பழுது: முன்பாரம் குறைவு. மொத்த எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை காரின் கொக்கியின்மேல் இருக்கும்படி படகையோ உள்ளிருக்கும் பொருள்களையோ முன்னே நகர்த்துங்கள்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 7 மீட்டர் பாய்மரத்தைத் தனியாளாக நட முடியுமா?

பதில்: முடியும், வலிமையால் அல்ல, நெம்புகோலால். மடங்கும் மூட்டு உள்ள அடிப்பீடத்தில் மரத்தின் அடியைப் பொருத்தி, மரம் படகின் நீளவாக்கில் பின்னோக்கிப் படுத்திருக்கும்போது, அதன் அடிக்கருகே இரண்டு மீட்டர் அளவுள்ள ஒரு கழியை முன்னோக்கிச் சாய்த்து நிறுத்துங்கள். பாய்மரத்தின் நடுப்பகுதியிலிருந்து வரும் கயிறு அந்தக் கழியின் நுனி வழியாகச் சென்று, முன்முனையில் உள்ள கப்பித் தொகுதிக்கோ டிரெய்லரின் வின்ச்சுக்கோ போக வேண்டும். கழி இல்லாமல் நேராக இழுத்தால் கயிறு மரத்தோடு மிகக் குறுகிய கோணத்தில் இருப்பதால் இழுவிசை வீணாகிறது. கழி அந்தக் கோணத்தை விரிக்கிறது. மரம் பாதி எழுந்த நிலையில் பக்கவாட்டில் சாயாமலிருக்க, அடிப்பீடத்துக்கு நேர் பக்கத்தில் கட்டிய இரண்டு துணைக் கயிறுகள் வேண்டும். அவை இல்லாமல்தான் பெரும்பாலான பீடங்கள் முறிகின்றன.

மரத்தைத் தொடுவதற்கு முன் தலையை நிமிர்த்தி மின்கம்பிகள் போகின்றனவா என்று பாருங்கள். நடும் இடத்தில் மட்டுமல்ல, நட்ட மரத்தோடு டிரெய்லர் நகரப்போகும் வழி முழுவதும் பாருங்கள். அலுமினிய மரமும் எஃகுக் கம்பிகளும் மின்சாரத்தை நேரே உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடும். இந்த விளையாட்டில் கரையில் நேரக்கூடிய மிகக் கொடிய விபத்துகளில் ஒன்று இது.

கேள்வி: மோட்டார் கட்டாயமா? எத்தனை குதிரைத்திறன்?

பதில்: 16 அடிக்குட்பட்ட திறந்த படகுக்குத் துடுப்புகள் போதும். 17 முதல் 22 அடி வரை 4 முதல் 6 குதிரைத்திறன். திறனைவிட, மோட்டாரிலிருந்து விசிறி வரை இறங்கும் தண்டின் நீளம் முக்கியம்: நீண்ட தண்டுள்ளதை வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வோர் அலையிலும் பின்முனை எழும்போது விசிறி நீரைவிட்டு வெளியே வந்து வெற்றாகச் சுழலும்.

கேள்வி: சிறு படகுகளில் மாகடல்களையே கடந்திருக்கிறார்களே, 16 அடிப் படகில் கரையோரம் போவதற்கு இவ்வளவு எச்சரிக்கை தேவையா?

பதில்: கடந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஃபிராங்க் டை தன் வேஃபேரரில் 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டு நார்வேக்குச் செல்லும் வழியில் புயலில் படகு திரும்பத் திரும்பக் கவிழ்ந்து, பாய்மரம் முறிந்த பின்னும் கரை சேர்ந்தார். 1965-இல் ராபர்ட் மேன்ரி பதின்மூன்றரை அடி நீள டிங்கர்பெல்லில் 78 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்த வெற்றிகள் படகுகளின் தகுதியைவிட அம்மனிதர்களின் தகுதியையே காட்டுகின்றன. டை எந்தச் சூழலில் எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் பழகியிருந்தார்.

படகின் தகுதிக்கு வேறு அளவுகோல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் படகுகளை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. அவற்றில் ‘சி’ வகை, காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 வரையான காற்றுக்கும் 2 மீட்டர் வரையான அலைக்கும் வடிவமைக்கப்பட்டது. ‘டி’ வகை காற்று 4 வரைக்கும், அரை மீட்டருக்கு மேற்படாத அலைக்கும் மட்டுமே. நம் பேச்சில் வரும் படகுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்குபவை.

அதைவிட முக்கியமான எல்லை வேகம். நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கனமான படகு நீரைக் கிழித்துச் செல்லும் உச்ச வேகம் நாட் அளவில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) கிடைக்கும். நீர்மட்ட நீளம் 16 அடி என்றால் ஏறத்தாழ 5.4 நாட். நடைமுறையில் மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று எதிரே இருந்தால் வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் இலக்கை நோக்கிய வேகம் இரண்டரைக்குக் கீழே போய்விடும். எனவே ஒரு நாளைக்கு 15 கடல் மைல் என்பது நேர்மையான திட்டம். புறப்படுமுன் வழியில் ஒதுங்கக்கூடிய இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் எந்தத் திசைக் காற்றில் நுழைய முடியாது என்பதையும் எழுதி வையுங்கள். கரையை நோக்கி வீசும் வலுத்த காற்றில், அலை உடையும் முகத்துவாரத்துக்குள் நுழைய முயல்வதைவிடக் கடலிலேயே விலகி நிற்பது பாதுகாப்பானது. ஆனால் சிறு படகால் அப்படி நெடுநேரம் நிற்க முடியாது. அதனால்தான் முன்னறிவிப்பு 5-ஐச் சொன்னால் நான் கரையிலேயே இருந்துவிடுவேன். ஓட்டத்தில் இருக்கும்போது கடற்பரப்பில் வெள்ளை நுரைகள் பரவலாகத் தெரியத் தொடங்கினால், காற்று 4-க்கு வந்துவிட்டது; பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டும் நேரம் அதுவே. சாய்ந்து தவிக்கும் படகில் அதே வேலை மூன்று மடங்கு கடினம்.

கேள்வி: 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இரவில் விளக்கு வேண்டியதில்லை என்கிறார்களே?

பதில்: தவறான புரிதல். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளில் 25-ஆவது விதி, இயன்றால் வழக்கமான வண்ண விளக்குகளையே காட்டச் சொல்கிறது. இயலாதபோது வெள்ளை ஒளி தரும் டார்ச்சைக் கையருகே வைத்திருந்து, மோதல் நேராதபடி உரிய நேரத்தில் காட்ட வேண்டும். பாயின்மேல் ஒளியைப் பாய்ச்சினால் படகு தொலைவிலிருந்தும் தெரியும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், பாய் விரிந்திருந்தாலும் விதிகளின் பார்வையில் நீங்கள் மோட்டார் படகு.

கேள்வி: படகில் இரவு தங்கும்போது நங்கூரக் கயிறு எவ்வளவு விட வேண்டும்? கயிற்றைப் பின்முனையில் கட்டினால் அறை வாசலுக்குக் காற்று வரும் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: ஆழத்தை மட்டும் கணக்கிடுவதுதான் வழக்கமான பிழை. நங்கூரமிடும்போது நீர் 2 மீட்டர், முன்முனையின் உயரம் அரை மீட்டர், இரவில் ஓதம் ஒன்றரை மீட்டர் ஏறும் என்றால் கணக்குக்கு எடுக்க வேண்டியது 4 மீட்டர். அமைதியான இரவில் அதன் ஐந்து மடங்காக 20 மீட்டரும், காற்று எழும் அறிகுறி இருந்தால் ஏழு மடங்காக 28 மீட்டரும் விடுங்கள். நங்கூரத்தை அடுத்து சில மீட்டர் சங்கிலி இருந்தால் இழுவை தரையோடு ஒட்டியிருக்கும், நங்கூரம் பிடுங்கிக்கொள்ளாது. அவ்வளவு கயிற்றோடு படகு சுற்றி வர இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்முனையில் மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள். சிறு படகின் பின்முனை தாழ்வானது, தட்டையானது, மோட்டாரின் எடையால் மேலும் அமிழ்ந்திருப்பது. நள்ளிரவில் அலை எழுந்தால் அது நேரே உள்ளே வந்து விழும். காற்று வேண்டுமென்றால் கயிற்றை முன்முனையிலேயே கட்டி, முன்கூரைக் கதவைத் திறந்து வையுங்கள்.